குரூப் 4: எந்த நாற்காலிக்காக, எத்தனை மணி நேரம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க முடிவெடுத்தவர்கள் புத்தகம் வாங்குவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரலாம். அன்று மக்கள் குறைதீர் நாள். மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்திலும் மனு வாங்கிப் பதிவு செய்பவர் பக்கத்திலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மே, ஜூன் மாதமாக இருந்தால் தாலுகா அலுவலகத்தில் கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி நடக்கும். ஜூன் 30-இல் வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு கிராமத்தின் கணக்கையும் அந்தந்தக் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கொண்டுவந்து தணிக்கைக்கு வைக்க வேண்டும். தேர்வில் தேறினால் நீங்கள் உட்காரப் போகும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. "அரசு வேலை" என்று பொதுவாக ஆசைப்படுகிறவர் முதல் தோல்வி வரை நன்றாகவே படிப்பார். இரண்டாம் தடவைதான் கை தளரும். பணிப் பாதுகாப்புக்காக வருகிறேன் என்று சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்கும் நிலையான வேலை ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். ஆனால் பாதுகாப்பு மட்டுமே காரணமென்றால் வங்கி, ரயில்வே, காவல்துறை என்று வருகிற தேர்வையெல்லாம் எழுதத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் சிலபஸ் வேறு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் பத்து மதிப்பெண் குறைவாக நிற்போம். எந்த வேலை என்று தெரிந்தால் எந்தத் தேர்வு என்பதும் தெரிந்துவிடும்.

குரூப் 4-க்குள்ளேயே வேலைகள் ஒன்றுபோல இருக்காது. இளநிலை உதவியாளர் என்றால் ஒரு 'இருக்கை'. அ1, ஆ3 என்று அதற்கு ஒரு பெயர் இருக்கும். வரும் தபாலைத் தன் பதிவேட்டில் ஏற்றி, நடப்புக் கோப்பில் குறிப்பு எழுதி, மேலே அனுப்பி, நிலுவை எத்தனை என்று மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும். எழுத்து வேலையில் பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல இடம். விஏஓ வேலை வேறு மாதிரி. அடங்கல் என்ற பயிர்க் கணக்கு, சிட்டா என்ற நில உரிமைக் கணக்கு, சான்றிதழ்களுக்கான விசாரணை, தேர்தல் பணி, வெள்ளம் வந்தால் இரவெல்லாம் ஏரிக்கரை, அடையாளம் தெரியாத சடலம் கிடந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எல்லாம் அவர் தலையில். பொறுப்புக் கிராமத்திலேயே தங்க வேண்டும் என்பது விதி. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் முறை ஒழிக்கப்பட்ட பிறகு உருவான பதவி இது. ஊரில் பாதிப் பேருக்கு இன்றும் அவர் 'மணியக்காரர்'தான். மனிதர்களோடு மல்லுக்கட்டத் தெம்பு இல்லாதவர் மதிப்பெண் இருக்கிறதே என்று இதை எடுத்தால் ஆறு மாதத்தில் நொந்துபோவார். விஏஓ பதவிக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; மற்ற பெரும்பாலான பதவிகளுக்கு 18 போதும்.

தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது பெரிய இழப்பு. இந்தப் பதவிகளுக்குத் தட்டச்சுச் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டுமே போட்டி போட முடியும் என்பதால் கட்-ஆஃப், அதாவது இடம் கிடைக்கும் கடைசி மதிப்பெண், கணிசமாக இறங்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இரண்டு முறை தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் வேகம் வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் முதுநிலை முடித்தவருக்கு முன்னுரிமை. பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்து வீட்டில் இருப்பவர் ஒரு வருடம் தட்டச்சு நிலையத்தில் தினம் ஒரு மணி நேரம் செலவிட்டால், அது பொது அறிவில் பத்துக் கேள்வி கூடுதலாகப் போடுவதைவிட மேலான முதலீடு. கூடவே கணினி அலுவலகத் தானியங்கிச் சான்றிதழும் எடுத்துவிடுங்கள்.

வினாத்தாளின் எடை

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் 100 கேள்வி தமிழ்த் தகுதித் தேர்வு. இதில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு வந்த முறை இது. அந்த 60 திருத்துவதற்கான வாசல் மட்டும்தான். வேலைக்குத் தமிழில் 90 கேள்விக்கு மேல் சரியாக இருக்க வேண்டும்.

2025-இல் அமலான பாடத்திட்டத்தில் அலகுவாரியாக எத்தனை கேள்வி என்று ஆணையமே எழுதிக் கொடுத்துவிட்டது. படிக்கிறவர்களில் பலர் இந்த ஒரு பக்கத்தைத்தான் ஒழுங்காகப் படிப்பதில்லை. தமிழில் இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. பொதுப் பகுதியில் அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு, மரபு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. கடைசியாகத் திறனறிவு 25.

இப்போது இதை மணி நேரமாக மாற்றிப் பார்ப்போம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு நாளுக்கு 3 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள், ஆறு மாதம் என்று வைத்தால் 468 மணி நேரம். அதில் தமிழுக்கு 170, திறனறிவுக்கு 90, தமிழ்நாட்டு வரலாற்றுக்கும் பொருளாதாரத்துக்கும் சேர்த்து 110, ஆட்சியியலுக்கு 45, மீதியுள்ள 53 மணி நேரத்தில் அறிவியல், புவியியல், இந்திய வரலாறு. அறிவியல் பாடத்தில் மொத்தமே ஏழரை மதிப்பெண். அதற்காக இயற்பியலில் ஒரு மாதம் மூழ்கிக் கிடப்பவர்கள் ஏராளம். பள்ளியில் அறிவியல் பிடித்த பாடமாக இருந்ததுதான் காரணம். பிடித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது தேர்வுக்குப் படிப்பவர்களின் பழைய நோய்.

எடுக்க வேண்டிய இலக்கு: தமிழில் 92, திறனறிவில் 22, மீதி 75-இல் 55. கூட்டினால் 169 கேள்வி. கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு, பிரிவுக்குப் பிரிவு மாறும். 2025 அறிவிக்கையில் இருந்தவை 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அதனால் போன வருட கட்-ஆஃபைப் பார்த்து "இவ்வளவு போதும்" என்று கணக்குப் போடாதீர்கள்.

தமிழ்: எளிது என்று நினைப்பவர்கள் இழக்கும் இடம்

தாய்மொழிதானே என்று கடைசிக்குத் தள்ளிப்போடுவார்கள். கேட்கப்படுவதோ பேசத் தெரிந்த தமிழ் இல்லை. ஒரு வேர்ச்சொல்லைக் கொடுத்து அதன் வினையாலணையும் பெயர் எது என்று கேட்டால் பட்டதாரிகளும் திணறுவார்கள். இதற்கு ஒரே வழி கையால் எழுதுவது. 'வா' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள்: வந்தான் வினைமுற்று, வந்த பெயரெச்சம், வந்து வினையெச்சம், வந்தவன் வினையாலணையும் பெயர், வருதல் தொழிற்பெயர். இப்படி நாளுக்குப் பத்து வேர். ஒரு மாதத்தில் 300 வேர் வந்துவிடும். கேள்வியைப் பார்த்தவுடன் கை தானாகப் போகும்.

சந்திப்பிழை, ஒருமை பன்மைப் பிழை, ல-ள-ழ, ர-ற வேறுபாடு இவையெல்லாம் விதியைப் படித்து வருவதைவிடப் பிழையான வாக்கியத்தைத் திருத்தித்தான் வரும். 6 முதல் 10 வரையிலான தமிழ்ப் புத்தகங்களில் பாட முடிவில் உள்ள பயிற்சிப் பக்கங்களைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். கேள்விகளில் நல்ல பங்கு அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. கலைச்சொற்களும் ஒவ்வோர் இயலின் கடைசியில் உண்டு. அவற்றை மட்டும் ஒரு தனி நோட்டில் எழுதினால் 10 கேள்வி கையில்.

வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்குத் தனியாகப் படிக்க எதுவும் இல்லை. ஆனால் நேரத்தை விழுங்கும். முதலில் கேள்வியைப் படித்துவிட்டுப் பத்திக்குப் போனால் பாதி நேரம் மிச்சம்.

பொதுப் பகுதியும் கணக்கும்

சமச்சீர்ப் புத்தகங்களை அரசுப் பாடநூல் கழகத் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 6 முதல் 10 வரை சமூக அறிவியல் அடிப்படை. அதற்கு மேல் 11-ஆம் வகுப்புப் பொருளாதாரத்தில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் பற்றிய பாடம், பிளஸ் ஒன் வரலாற்றில் சங்க காலமும் சோழர் காலமும், பிளஸ் டூவில் தேசிய இயக்கம். பாடத்திட்டத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் இல்லாத பாடத்தைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். படிக்கக் கூடாதது எது என்று முடிவு செய்வதும் படிப்பில் சேர்த்திதான்.

தமிழ்நாட்டு வரலாற்றில் ஆண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் குழம்பும். 1916-இல் நீதிக்கட்சி, 1924-இல் வைக்கம் போராட்டம், 1925-இல் சுயமரியாதை இயக்கம் என்று ஒரே கோட்டில் வரைந்து, ஒன்றுக்குப் பின் ஒன்று ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். 'கூற்று - காரணம்', 'கால வரிசைப்படுத்துக' வகைக் கேள்விகளுக்கு இதுதான் உதவும். ஒற்றை வரிக் குறிப்புப் புத்தகம் உதவாது.

திறனறிவு பகுதியில் சதவீதம், மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கனஅளவு, காலமும் வேலையும், எண்தொடர், பகடை இவ்வளவுதான் வட்டம். பழைய வினாத்தாள்கள் ஆணையத் தளத்திலேயே இருக்கின்றன. பத்து வருடத் தாள்களை எடுத்து, கணக்குகளை மட்டும் தலைப்புவாரியாகப் பிரித்துப் போட்டால் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு, 8,000 ரூபாய்க்கு 5 சதவீதத்தில் 2 வருடத்துக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடித்துக் கழிப்பவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அசலை வட்டி வீதத்தின் நூற்றுப்பங்கால் இருமுறை பெருக்கினால் போதும் என்று தெரிந்தவருக்குப் பத்து விநாடி: 8,000-இல் 5 சதவீதம் 400, அதில் 5 சதவீதம் 20. கணக்கு வராது என்று ஒதுங்குபவர்கள் 25 கேள்வியை, அதாவது வேலைக்கும் வேலையின்மைக்கும் நடுவில் உள்ள முழு இடைவெளியையும், விட்டுக்கொடுக்கிறார்கள். தினமும் 30 நிமிடம், ஒரு நாள் விடாமல். ஞாயிறு ஒருநாள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது.

ஒரு பாடத்தை முடித்த அன்றே அதில் 20 கேள்வி போட்டுப் பாருங்கள். மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் அதே பாடத்துக்குத் திரும்புங்கள். தவறிய கேள்விகளுக்கு ஒரு நோட்டு. ஆனால் விடையை மட்டும் எழுதி வைக்காமல், தவறியது ஏன் என்றும் எழுத வேண்டும்: படிக்கவே இல்லை, படித்தேன் மறந்தது, 'சரியற்றது எது' என்பதைச் 'சரியானது எது' என்று வாசித்தேன், வட்டம் மாற்றிப் போட்டேன். கடைசி இரண்டு வகையில் பத்து வந்தால் இன்னும் படிப்பது தீர்வாகாது. மெதுவாக வாசிக்கப் பழக வேண்டும்.

படிக்க இடம் இல்லையா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் வகுப்பும் மாதிரித் தேர்வும் இலவசம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க சென்னைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், அந்தந்த ஊர் மாவட்ட மைய நூலகம். கட்டணப் பயிற்சி மையத்தில் சேர்ந்தால் மாதிரித் தேர்வுகளுக்கு மட்டுமான டெஸ்ட் பேட்சில் சேரலாம் என்பது எங்கள் கருத்து. பாடப்புத்தகத்தை இன்னொருவர் வாசித்துக் காட்ட ஆயிரக்கணக்கில் கொடுப்பதில் அர்த்தமில்லை.

விண்ணப்பத்தில் கவிழ்வது

நிரந்தரப் பதிவு வேறு, விண்ணப்பம் வேறு. 150 ரூபாய் கட்டிப் பதிவு செய்தது ஐந்தாண்டு செல்லும். ஆனால் ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பித்து 100 ரூபாய் கட்ட வேண்டும். பதிவு செய்துவிட்டோமே என்று ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. கட்டணச் சலுகை சில பிரிவினருக்கு முழுமையாகவும் சிலருக்கு மூன்று முறை மட்டும் என்றும் இருக்கிறது. பயன்படுத்தாத சலுகையை "பயன்படுத்தவில்லை" என்று சரியாகக் குறிப்பிடுங்கள்.

சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். திருமணமான பெண்கள் கணவர் பெயரில் எடுத்தது செல்லாது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஆனால் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து பதவிக்கான கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். மூன்று பள்ளியில் படித்தவர் மூன்று பள்ளியிலும், ஆணையம் கொடுத்துள்ள படிவத்திலேயே சான்று வாங்க வேண்டும். தலைமையாசிரியர் கோடை விடுமுறையில் போய்விட்டால் கிடைக்காது. ஆகவே அறிவிக்கைக்குக் காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள். ஆதரவற்ற விதவைக்கான சான்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதி முடிந்ததும் திருத்தம் செய்ய சில நாள் வாய்ப்புத் தருவார்கள். அதைத் தவறவிட்டால் கேட்பாரில்லை.

அந்த மூன்று மணி நேரம்

கடைசி இரண்டு மாதம் மாதிரித் தேர்வைக் காலை 9.30-க்கே தொடங்கி 12.30-க்கு முடியுங்கள். கறுப்புப் பால்பாயிண்ட் பேனா, வட்டம் நிரப்பி விடையளிக்கும் அச்சடித்த ஓஎம்ஆர் தாள். கைபேசியில் தொட்டு விடையளித்துப் பழகியவர்கள் வட்டம் நிரப்பும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 200 வட்டம் நிரப்பவே பதினைந்து இருபது நிமிடம் போகும்.

தமிழுக்கு 50 நிமிடம், பொது அறிவுக்கு 50, கணக்குக்கு 45 என்று வைத்தால் 35 நிமிடம் கையில் நிற்கும். கணக்கைக் கடைசிக்கு வைக்கலாமா முதலில் போடலாமா என்பது அவரவர் பழக்கம். ஆனால் மாதிரித் தேர்வில் எந்த வரிசையோ அதையே அங்கும் வையுங்கள். எல்லாம் முடித்துவிட்டு மொத்தமாக நிரப்புவதும் ஆபத்து. இருபது கேள்விக்கு ஒருமுறை நிரப்பி, வினா எண்ணையும் விடை எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரு வரிசை நழுவினால் பின்னால் வரும் அத்தனையும் நழுவும்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஐந்தாவது வட்டம் 'விடை தெரியவில்லை' என்பதற்கானது. அதை நிரப்பினால் நிச்சயமாக பூஜ்யம். நான்கில் ஒன்றை நிரப்பினால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எதையும் வெறுமையாக மட்டும் விடக் கூடாது. கடைசியில் ஐந்து வகை வட்டங்களும் ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். கூட்டுத்தொகை 200 வராவிட்டால் எண்ணியது தவறு. இதற்கும், வினாத்தொகுப்பு எண்ணைத் தவறாக எழுதுவதற்கும் மதிப்பெண் கழிப்பார்கள். ஆறு மாத உழைப்பில் எடுத்த மதிப்பெண் இப்படிப் போவதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை. தேர்வறைக்கு எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்பது ஹால் டிக்கெட்டில் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் தாமதித்தாலும் கதவு திறக்காது. முந்தின நாளே பள்ளியைப் பார்த்து வாருங்கள்.

உத்தேச விடைக்குறிப்பு சில நாளில் வரும். அதில் பிழை இருந்தால் ஆதாரத்தோடு ஏழு நாளுக்குள் இணையவழியில் முறையிடலாம். ஆதாரம் என்றால் பாடப்புத்தகப் பக்கம், கைடு செல்லாது.

காத்திருக்கும் மாதங்களும் கலந்தாய்வும்

2022 ஜூலை 24-இல் எழுதியவர்களுக்கு முடிவு வந்தது 2023 மார்ச்சில். 2024 ஜூன் 9-இல் எழுதியவர்களுக்கு அக்டோபரில். இந்த இடைவெளியில் வேலைக்குப் போகாமல் வீட்டில் முடங்குபவர்கள்தான் மனத்தளவில் உடைகிறார்கள். எத்தனை தடவை எழுதுவது என்று இப்போதே ஒரு எண்ணை முடிவு செய்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள். முழுநேரமாகப் படிப்பவருக்கு இரண்டு தேர்வு, வேலையோடு படிப்பவருக்கு நான்கு என்பது நியாயமான வரம்பு. ஒவ்வொரு தடவையும் சரியான விடைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்: 130-லிருந்து 148 வந்தவர் தொடரலாம். மூன்று தடவையும் 140-லேயே நிற்பவர் அதே முறையில் நான்காவது தடவை உட்காரக் கூடாது.

தரவரிசை வந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு கலந்தாய்வு. உங்கள் முறை வரும்போது திரையில் மீதமுள்ள இடங்களைப் பார்த்து ஓரிரு நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். வருவாய்த்துறை, பதிவுத்துறை, வணிகவரி, பள்ளிக்கல்வி, மருத்துவம், காவல்துறை அமைச்சுப்பணி என்று பதினைந்து இருபது தேர்வுகளை மாவட்டத்தோடு சேர்த்து ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். சொந்த மாவட்டமா, நல்ல துறையா என்று அங்கே நின்று யோசிக்க நேரமில்லை. துறை என்பது பதவி உயர்வு எவ்வளவு வேகம் என்பதையும் தீர்மானிக்கும், அந்தத் துறையில் ஏற்கெனவே இருப்பவரிடம் "உதவியாளர் ஆக எத்தனை வருடம் ஆனது?" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எடுத்த பிறகு மாற்ற முடியாது.

சேர்ந்த பின்பும் தேர்வு விடாது. இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, அதோடு அலுவலக நடைமுறை நூல், சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு போன்ற துறைத்தேர்வுகள். முதல் இரண்டு வருடத்துக்குள், படிக்கும் பழக்கம் கையில் இருக்கும்போதே அவற்றை முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டவர்கள் பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது தங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் பெயரை முன்னால் பார்ப்பார்கள்.